வெட்டாத கத்திக்குத்தான் விலை

"தம்பி, அலகைத் தொடாதீங்க. பிடியை மட்டும் பிடிச்சுப் பாருங்க."

அவர் என்னை அவமதிக்கச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இறங்கிய துறைமுகத்தில் எல்லாம் மடக்குக் கத்தி வாங்கியிருக்கிறார். பீரோவுக்குள் துணி விரித்த தட்டுகளில் அவை வரிசையாகப் படுத்திருந்தன. விரலில் இருக்கும் வேர்வை உப்பு பட்டால் எஃகில் துரு ஏறும் என்று விளக்கினார். உண்மைதான். ஆனால் 'தொடாதே' என்ற சொல் நம்மைப் போன்றவர்கள் காதில் வேதியியலாக விழுவதில்லை. நான் கையை இழுத்துக்கொண்டேன்.

பிறகு இரண்டு கத்திகளை எடுத்துக் காட்டினார். ஒரே கம்பெனி, ஒரே மாதிரி, ஒரே வருஷம். ஒன்று வந்த பெட்டியிலேயே இருப்பது. இன்னொன்று யாரோ ஒருவர் பல வருஷம் பையில் வைத்திருந்து, வேலை செய்து, தீட்டித் தீட்டி மெலிந்து போனது. "இதுக்குத்தான் தம்பி விலை. அது அவ்வளவுதான், வேலை செஞ்சிருச்சு" என்றார். 'வேலை செஞ்சிருச்சு' என்பதை ஒரு சீக்கின் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னார்.

வீட்டுக்கு வந்த பிறகும் இந்த வாக்கியம் என்னை விடவில்லை. வெட்டுவதற்குச் செய்த பொருள் வெட்டினால் மதிப்பு இழக்கிறது. ஒருமுறைகூட வெட்டாமல், ஒருமுறைகூடத் தீட்டப்படாமல் கிடந்தால் விலை ஏறுகிறது. வேலை பட்டது தீட்டு, வேலை படாதது புனிதம். இந்தக் கணக்கு நமக்குத் தெரிந்த கணக்காயிற்றே! இது கத்திக்குள் எப்படி நுழைந்தது என்று தேடிப் போனதில் கிடைத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர். சட்டைப்பையில் வைக்கிற கத்தியை நாம் பேனாக்கத்தி என்கிறோம். இறகுப் பேனாவின் முனையைச் சீவுவதற்கு ஐரோப்பிய எழுத்தர்கள் வைத்திருந்த சின்னக் கத்தியின் பெயர் அது. எஃகு நிப் பரவியதும் 19ஆம் நூற்றாண்டிலேயே அந்த வேலை போய்விட்டது. பெயர் நின்றுவிட்டது. நம் பக்கத்தில் இதற்கு ஈடாக மடக்கெழுத்தாணி இருந்தது. ஓலையில் எழுதும் ஊசியும் ஓலையை நறுக்கும் கத்தியும் ஒரே பிடிக்குள் மடங்கும். இவை இன்று அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கின்றன. எழுதுகிறவன் கையில் இருந்த கத்திக்கு வரலாற்றில் எளிதாக இடம் கிடைத்துவிடுகிறது. செத்த மாட்டின் தோலை உரித்த கத்தி, வார் அறுத்த கத்தி, தொப்புள்கொடி அறுத்த கத்தி எல்லாம் எங்கே போயின என்று யாரும் கேட்பதில்லை.

மடக்குக் கத்தியை உலகத்துக்கே செய்து அனுப்பிய ஊர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு. ஒரு கத்தியை அங்கே ஒரே ஆள் செய்ததில்லை. உலையில் அடிப்பவர் ஒருவர், சாணை பிடிப்பவர் ஒருவர், அலகையும் வில்லையும் பிடியையும் பூட்டுபவர் ஒருவர். சாணைத் தொழிலாளி ஆலைக்குள் தன் கல்லுக்கான இடத்தைத் தானே வாடகைக்கு எடுத்து வேலை செய்ய வேண்டியிருந்தது. மணற்பாறையில் வெட்டிய அந்தச் சாணைக்கல் சுழலும்போது கல் தூசியும் இரும்புத் தூசியும் நேரே மூச்சில் ஏறும். அதனால் வந்த நுரையீரல் நோய்க்கு 'சாணைக்காரர் இளைப்பு' என்றே பெயர்.

1845இல் வெளிவந்த, இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை பற்றிய நூலில் எங்கெல்ஸ் இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஷெஃபீல்டு மருத்துவர் ஒருவரின் கணிப்பை அவர் எடுத்துத் தருகிறார்: முழுக்க உலர்ந்த கல்லில் தீட்டுபவர்களின் சராசரி ஆயுள் 35 வயதைத் தொடுவதே அரிது. தண்ணீர் விட்ட கல்லில் தீட்டுபவர்கள் 45ஐத் தாண்டுவது அரிது. பேனாக்கத்தி தீட்டியவர்கள் இரண்டு முறையையும் கலந்து வேலை செய்தவர்கள். இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் அவர்கள் வாழ்க்கை.

தூசியை வெளியே இழுக்கும் கருவியை அப்போதே கண்டுபிடித்துவிட்டார்கள். தொழிலாளர்களே சில இடங்களில் அதை வேண்டாம் என்றார்கள், உடைத்தும் போட்டார்கள் என்கிறார் எங்கெல்ஸ். ஏன்? தொழிலில் ஆபத்து போய்விட்டால் ஆள் கூட்டம் பெருகும், கூலி குறையும். சாவுதான் அவர்கள் கூலியைக் காப்பாற்றிக் கொடுத்த வேலி. இதைப் படித்தபோது, பாதாளச் சாக்கடைக்குள் இறங்கும் நம் ஆட்களைப் பார்த்து "அவனே விரும்பித்தான் இறங்குறான்" என்று சொல்லும் அதிகாரிகளின் குரல் எனக்குக் கேட்டது. விருப்பம் என்று எதைச் சொல்கிறோம்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஷெஃபீல்டுத் தொழிலாளி தீண்டத்தகாதவன் இல்லை. அங்கேயும் சாதி இருந்தது என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொல்வது நம் அனுபவத்தை நாமே மலிவாக்குவது. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து ஒருவர்மேல் ஒருவராக அடுக்கிவைக்கும் ஏற்பாடு என்று 1936இல் அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். அந்த அடுக்கு இங்கிலாந்தில் பிறப்பால் பூட்டப்பட்டதல்ல. ஆனால் வேலையை அதைச் செய்தவனிடமிருந்து பிரித்தெடுத்து, பொருளை மட்டும் மேலே தூக்கி வைப்பது என்ற தந்திரம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

அந்தத் தந்திரம் உச்சத்துக்குப் போன இடத்தைப் பாருங்கள். ஷெஃபீல்டின் பெரிய கம்பெனி ஜோசப் ராட்ஜர்ஸ். அது 1822இல் 'ஆண்டுக் கத்தி' என்று ஒன்றைச் செய்தது. கிறிஸ்து ஆண்டு ஒன்றுக்கு ஓர் அலகு என்று 1822 அலகுகள். 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சிக்காக இன்னொன்று செய்தது. அது 'நார்ஃபோக் கத்தி'. 75 அலகுகள், முத்துச்சிப்பிப் பிடி, அலகுகளின் மேல் பொறித்த காட்சிகள். இன்றும் ஷெஃபீல்டில் கத்தித் தொழிற்கழகத்தின் மண்டபத்தில் இருக்கிறது. இரண்டு கையாலும் தூக்க வேண்டிய இந்தப் பேனாக்கத்தி எந்தப் பைக்குள்ளும் போகாது. இதனால் ஒரு மாம்பழம்கூட நறுக்க முடியாது. ஆனாலும் அத்தனை அலகையும் ஒருவர் அடித்தார், ஒருவர் சாணையில் பிடித்தார். அவர்கள் விட்ட மூச்சுக்கு வெளியே தெரிவது கம்பெனி பெயர் மட்டும்தான். வெட்டாத கத்தி என்ற புனிதப் பொருளின் முன்னோர் இவைதான் என்று நான் நினைக்கிறேன்.

தொழில் அழிந்த பிறகு தொழிலாளிக்கு மரியாதை வந்தது. 14 வயதில் பட்டறைக்குப் போய், எல்லா வேலையையும் கற்று, தனி ஆளாக மடக்குக் கத்தி செய்தவர் ஸ்டான் ஷா. 2021இல் தமது 94ஆம் வயதில் இறந்தார். அவர் கைக் கத்திக்காக ஆட்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். ஆயிரக்கணக்கான சாணைக்காரர்கள் பெயரில்லாமல் செத்த ஊரில் கடைசி ஆளின் பெயர் மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது. எண்ணிக்கை குறைந்தால்தான் உழைப்பாளியும் சேகரிப்புப் பொருள் ஆகிறான் போலும்.

இனி அமெரிக்கா. 1890ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டம் ஷெஃபீல்டு கத்திகளுக்குக் கதவைச் சாத்தியது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைப் பொறிக்க வேண்டும் என்ற விதியும் அதோடு வந்தது. இன்று சேகரிப்பவர்கள் அலகின் அடியில் 'இங்கிலாந்து' என்று இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடி வயதைக் கணிக்கிறார்கள். பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டு ஊரில் இருக்கும் கேஸ் கம்பெனி 1970இல் ஒரு வேலை செய்தது. அலகின் அடியில் பெயருக்குக் கீழே பத்துப் புள்ளி போட்டு, வருஷத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தது. கத்தி அதோடு தபால்தலை மாதிரி ஆகிவிட்டது. எந்த வருஷம், எத்தனை புள்ளி, எந்தப் பிடி என்று அடுக்கிப் பூர்த்தி செய்கிற பொருள். துப்பாக்கி செய்த ரெமிங்டன் முதல் உலகப் போருக்குப் பிறகு, 1920இல், கத்தி செய்ய இறங்கிய கம்பெனி. 1922இல் பிடியில் தோட்டாச் சின்னம் பதித்த கத்தி ஒன்றை விற்றது. அது வேட்டைக்காரனும் விவசாயியும் வாங்கிய வேலைக் கத்தி. 1982இல் அதையே மறுபடி செய்து, அதிலிருந்து வருஷம் ஒரு மாதிரியாக வெளியிட்டார்கள். இந்த முறை அது பெட்டியில் வைப்பதற்கென்றே செய்த கத்தி.

எனக்கு மிகவும் விசித்திரமாகப் பட்டது பிடியின் கதை. நல்ல மடக்குக் கத்திக்கு மான் கொம்புப் பிடி போடுவது பழைய வழக்கம். அந்தக் கொம்பில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து போனது. மிளா என்றும் கடமான் என்றும் நாம் சொல்கிற மானின் உதிர்ந்த கொம்பு. கொம்பு விலை அதிகம். அதனால் மாட்டுக் கால் எலும்பை எடுத்து, மேலே குழிகுழியாகச் செதுக்கிச் சாயம் ஏற்றி, கொம்பு மாதிரி ஆக்கினார்கள். பிறகு எலும்பும் கட்டுப்படியாகவில்லை. செதுக்கிய எலும்பு மாதிரியே பிளாஸ்டிக்கை வார்த்தார்கள். போலிக்குப் போலி! 1990களின் கடைசியில் இந்தியா கொம்பு ஏற்றுமதியைத் தடுத்த பிறகு கொம்புப் பிடியின் விலை எகிறியது. செதுக்கிய எலும்போ இப்போது யாருக்கும் போலி இல்லை. அதற்கே 'பழைய பச்சை எலும்பு', 'பழைய சிவப்பு எலும்பு' என்று சாதி பிரித்து விலை வைக்கிறார்கள்.

அந்த எலும்பு யாருடையது? கேஸ் கம்பெனி தன் பிடிகளுக்குப் பிரேசில் நாட்டு ஜெபு மாட்டின் கால் எலும்பைப் பயன்படுத்துவதாகச் சொல்கிறது. பிரேசிலின் ஜெபு மாடுகளில் பெரும்பான்மை 'நெலோர்' என்னும் இனம். அந்தப் பெயர் நம் நெல்லூர்தான். பழைய சென்னை மாகாணத்தின் ஓங்கோல் மாடுகள் கப்பலேறிப் போய்ப் பெருகிய வம்சம் அது. நெல்லூர் மாடு கடல் கடந்து போய், அதன் எலும்பு சாயம் பூசி, மெருகேறி, பீரோவில் பட்டுத்துணிமேல் படுத்திருக்கிறது. அதே மாடு ஊரில் செத்தபோது இழுத்துப் போனவன் ஊருக்கு வெளியே இருந்தான், அந்த எலும்பைத் தொட்டதாலேயே அவன் கை தொடக்கூடாத கை ஆயிற்று. எலும்பில் தீட்டு இல்லை, தோலில் தீட்டு இல்லை. செருப்பாகவும் மிருதங்கமாகவும் கத்திப் பிடியாகவும் மாறியதும் எல்லோரும் தொடுகிறார்கள். தீட்டு முழுவதும் வேலை செய்தவன் உடம்பிலேயே தங்கிவிடுகிறது.

இந்தப் பின்னணியோடு கடந்த நாற்பது வருஷக் கத்தி மோஸ்தர்களைப் பார்த்தால் புதிர் கொஞ்சம் அவிழ்கிறது. 1981இல் அமெரிக்காவின் ஸ்பைடர்கோ கம்பெனி ஒரு மடக்குக் கத்தி கொண்டுவந்தது. அலகில் ஒரு வட்டத் துளை, அதில் கட்டைவிரலை வைத்து ஒரே கையால் திறக்கலாம். பிடியில் ஒரு கிளிப், பேனா மாதிரி பையின் விளிம்பில் மாட்டிக்கொள்ளலாம். ஒரு கை வேலையில் இருக்கும்போது மறுகையால் எடுக்கத் தோதான, உண்மையிலேயே அறிவுள்ள வடிவம். அதற்கு வைத்த பெயர் 'ஒர்க்கர்', அதாவது தொழிலாளி. அந்தத் தொழிலாளியின் ஆரம்பகாலக் கத்திகள் இன்று வேலைக்குப் போவதில்லை. சேகரிப்பவர்களிடம் பத்திரமாக இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவிலிருந்து 1989இல் அமெரிக்காவுக்குக் குடியேறிய கிறிஸ் ரீவ் என்ற கத்திக் கலைஞரின் புகழ்பெற்ற மடக்குக் கத்திக்குப் பெயர் 'செபென்சா'. ஜூலு மொழியில் வேலை என்று பொருள். நிறவெறி ஆட்சியில் சுரங்கத்திலும் பண்ணையிலும் முதுகு ஒடிந்தவர்கள் பேசிய மொழியின் சொல். அந்தச் சொல்லைத் தாங்கிய கத்தி இன்று நானூறு டாலருக்கு மேல். செய்தவரின் திறமையைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் 'வேலை' என்று பெயர் பொறித்த கத்தியை வேலை படாமல் வைத்துக் காக்கிறவர்களைப் பார்க்கும்போது சிரிப்பு வருகிறது.

இன்னொரு மோஸ்தர் இதைவிட வேடிக்கை. புது அலகைக் கற்களோடு சேர்த்து உருளையில் போட்டு உருட்டி எடுக்கிறார்கள். மேலெல்லாம் பொடிப்பொடிக் கீறல் விழும். கறுப்புச் சாயம் போட்ட அலகையும் அப்படி உருட்டி, ஓரங்களில் சாயம் தேய்ந்தமாதிரி செய்கிறார்கள். இருபது வருஷம் உழைத்த கத்தியின் தோற்றம் கடையிலேயே கிடைக்கிறது. பிற கீறலை மறைக்கும் என்ற நியாயமும் அதில் இருக்கிறது. ஆனால் நிஜமாகவே இருபது வருஷம் உழைத்த கத்தியை மட்டும் 'வேலை செஞ்சிருச்சு' என்று தள்ளிவைக்கிறார்கள். உழைப்பின் பெயர் வேண்டும், உழைப்பின் தழும்பு வேண்டும், உழைத்தவன் மட்டும் வேண்டாம்.

சேகரிப்பு என்பது பொழுதுபோக்கு, அதில் போய் இத்தனை அரசியலா என்று நண்பர்கள் கேட்கலாம். அவர்களுக்கு ஃப்ரெடி கிரேயைச் சொல்கிறேன். பால்டிமோர் நகரத்துக் கறுப்பின இளைஞர், வயது 25. 2015 ஏப்ரல் 12ஆம் தேதி போலீசைப் பார்த்து ஓடினார் என்று துரத்திப் பிடித்தார்கள். கைதுக்குச் சொன்ன காரணம், அவர் கால்சட்டைப் பையின் உட்புறம் கிளிப்பில் மாட்டியிருந்த ஒரு மடக்குக் கத்தி. போலீஸ் வண்டியில் போகும் வழியில் அவர் முதுகுத்தண்டு முறிந்தது. ஏப்ரல் 19ஆம் தேதி இறந்தார். அது மேரிலாண்டு மாநிலச் சட்டப்படி வைத்துக்கொள்ளக்கூடிய கத்திதான் என்று அரசு வழக்கறிஞர் அறிவித்தார். போலீஸ் தரப்பு மறுத்தது. ஆறு போலீஸ்காரர்கள் மேல் குற்றம் சாட்டினார்கள், ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

நியூயார்க்கில் 1950களிலிருந்து ஒரு சட்டம் இருந்தது. மணிக்கட்டை உதறினால் திறந்துகொள்ளும் கத்தி குற்றம். ஹார்டுவேர் கடையில் பகிரங்கமாக விற்ற சாதாரண மடக்குக் கத்தியைப் போலீஸ்காரர் ஓங்கி உதறித் திறந்து காட்டி வழக்குப் போட்டார். வேலைக்குப் போகும் வழியில் பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சத்தினரும். 2019 மே மாதம்தான் அந்தத் தடையை நீக்கினார்கள். ஒரே கத்திதான். பீரோவில் இருந்தால் ரசனை, ஒரு கறுப்புத் தொழிலாளியின் பையில் இருந்தால் ஆயுதம். ஆக, விலையை மட்டுமல்ல, குற்றத்தையும் தீர்மானிப்பது பிடித்திருக்கும் கைதான்.

நமக்கு இதற்கு நியூயார்க் வரை போக வேண்டியதில்லை. 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனா பக்கம் செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைச் சட்டையைக் கழற்றி, வண்டியில் கட்டி அடித்தார்கள். தலைமுறை தலைமுறையாக அந்தக் கத்தியைக் கையில் திணித்தவர்களும் அவர்கள்தான், அதைக் கையில் பார்த்ததும் அடித்தவர்களும் அவர்கள்தான். அதற்குப் பதிலாகக் குஜராத் தலித்துகள் செத்த மாடுகளைக் கொண்டுபோய் அரசு அலுவலக வாசலில் போட்டார்கள். உங்கள் மாதாவை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கத்தியைக் கீழே வைத்தது அவர்கள் செய்த மிகப் பெரிய போராட்டம். 1927இல் மகாத் மாநாட்டில் செத்த மாட்டு இறைச்சியை விடச் சொல்லி அம்பேத்கர் வைத்த கோரிக்கையின் தொடர்ச்சி அது.

என் தாத்தாவிடம் ஒரு கத்தி இருந்தது. ஒரு சாண்கூட இருக்காது, இடுப்பில் செருகியிருப்பார். ஊரில் மாடு செத்தால் ஆள் வரும், அதை எடுத்துக்கொண்டு போவார். கருங்கல்லில் தீட்டித் தீட்டி அலகு நடுவில் குழிந்து பிறை மாதிரி ஆகியிருந்தது என்று அப்பா சொல்லியிருக்கிறார். தாத்தாவுக்குப் பிறகு அப்பா அந்த வேலைக்குப் போக மாட்டேன் என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னார். அதற்கு என்ன விலை கொடுத்தார் என்பது தனிக் கதை. கத்தி எங்கள் வீட்டுக் கூரை எறவாணத்தில் செருகிக் கிடந்தது.

இதையெல்லாம் படித்து முடித்த பிறகு ஒருநாள் அப்பாவிடம் கேட்டேன். "அந்தக் கத்தி எங்கப்பா? வச்சிருந்தா ஒரு ஞாபகத்துக்காவது இருந்திருக்குமே."

அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எதுக்கு ஞாபகம்? பழைய இரும்புக்காரன் வந்தான், போட்டேன். பேரீச்சம்பழம் குடுத்தான். நீதானே தின்ன?"

தின்றேன். ஆறு வயதோ ஏழு வயதோ, நினைவில்லை. இனிப்பு மட்டும் நாக்கில் இருக்கிறது. கப்பல்காரர் வீட்டுத் தட்டுகளில் அந்தக் கத்திக்கு இடம் இருந்திருக்காது. வேலை செய்துவிட்ட கத்தி. எங்கள் வீட்டிலும் அதற்கு இடம் இல்லை, காரணம்தான் வேறு. அவர் வேலையின் கறை படக்கூடாது என்று கத்தியைக் காக்கிறார். அப்பா தன் பிள்ளைமேல் அந்த வேலையின் நிழல் படக்கூடாது என்று கத்தியையே எடைக்குப் போட்டார்.

எடைக்குப் போட்டது சரிதான். ஆனால் அப்பாவுக்கும் வயதாகிறது. எந்த வீட்டு மாட்டுக்கு எத்தனை நாழி நின்றார்கள், கூலி என்று எதைக் கொடுத்தார்கள், மாட்டேன் என்று சொன்ன அன்று ராத்திரி என்ன நடந்தது என்று கேட்டு எழுத இந்த மாதம்தான் ஒரு நோட்டு வாங்கியிருக்கிறேன். முதல் பக்கத்தில் தாத்தாவின் பெயரை எழுதியிருக்கிறேன்.